போஸ்டர் வாங்கும்போது முதலில் அடிவிளிம்பைப் பாருங்கள்

பழைய சினிமா போஸ்டர் சேர்க்க ஆசை என்று யாராவது வந்தால், யார் நடித்த படம் என்று நான் கேட்பதில்லை. அடியில் என்ன அச்சாகியிருக்கிறது என்றுதான் கேட்பேன். சிவகாசியில் ஆப்செட் பிரஸ்ஸில் பிளேட் போடும் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அந்தப் புத்தி போகாது. கதாநாயகன் சிரிப்பதை ஊரே பார்க்கும். கீழே பொடி எழுத்தில் இருக்கும் அச்சகத்தின் பெயரை யாரும் சீந்துவதில்லை. ஆனால் அது எந்தக் காலத்துப் போஸ்டர், முதல் வெளியீடா மறுவெளியீடா, இல்லை போன மாதம் கம்ப்யூட்டரில் எடுத்ததா என்பதற்கெல்லாம் துப்பு அங்கேதான் கிடைக்கும்.

'மெட்ரோபோலிஸ்' என்ற ஜெர்மன் ஊமைப்படத்தின் போஸ்டர் ஒன்று 2005-ல் 6,90,000 டாலருக்குக் கைமாறியது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டுப் பரணில் ஏறித் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேடுங்கள், தப்பில்லை. ஆனால் நம் ஊர்ச் சந்தை அப்படிப்பட்டதல்ல. நான் இங்கே சொல்லப்போவது தமிழ்ப் பட போஸ்டர்களைப் பற்றி மட்டும்.

ஒரு விஷயத்தை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். போஸ்டர் என்பது ஒட்டுவதற்காகவே அடித்தது. மைதாப் பசை தடவிச் சுவரில் ஏற்றினால் அதன் ஆயுள் அடுத்த படம் வரும்வரைதான். அதற்குள் மழை வரும், மாடு வரும். ஆகவே இன்று நம் கைக்கு வருபவை பெரும்பாலும் ஒட்டாமல் மிஞ்சியவை: விநியோகஸ்தர் அலுவலகத்தில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தவை, தியேட்டர் மேனேஜரின் பீரோ மேலே தூசி குடித்தவை, பிரஸ்ஸில் சாம்பிளுக்கு என்று ஒதுக்கியவை. இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. நூறு நாள் ஓடிய படத்துக்கு அடித்ததெல்லாம் சுவருக்குப் போய்விடும். ஒரே வாரத்தில் பெட்டிக்குள் போன படத்தின் போஸ்டர்தான் கட்டுக்கட்டாக மிஞ்சும். யாருக்கும் நினைவில்லாத படம், ஆனால் தாள் புதுக்கருக்கோடு இருக்கும். ஆரம்பத்தில் இந்த மாதிரியானவற்றை வாங்கிக் கண்ணைப் பழக்குங்கள். செலவும் குறைவு, போலியும் இருக்காது. ஓடாத படத்துக்கு யார் போலி அடிக்கப் போகிறார்கள்?

காலத்தைக் கணிப்பது

அடிவிளிம்பில் அச்சகத்தின் பெயரும் ஊரும் இருக்கும். முகவரி இருந்தால் இன்னும் நல்லது. அஞ்சல் குறியீட்டு எண், அதாவது பின்கோடு, 1972 ஆகஸ்ட் 15 அன்றுதான் வந்தது. ஆகவே "சிவகாசி 626123" என்று அச்சாகியிருக்கும் ஒரு தாள் அதற்கு முந்தியது இல்லை. சென்னை முகவரியில் "சென்னை-2", "சென்னை-17" என்று குட்டி எண் மட்டும் இருந்தால் பழைய தபால் வட்டார எண். பின்கோடு வந்த பிறகும் பழக்கதோஷத்தில் அப்படியே போட்டவர்கள் உண்டு. அதனால் இதை வைத்து மட்டும் முடிவுக்கு வர வேண்டாம். அடையாளங்கள் பெரும்பாலும் இப்படித்தான். எதற்கு முந்தியது இல்லை என்று அடித்துச் சொல்லும், எதற்குப் பிந்தியது இல்லை என்று சொல்லாது.

அடுத்தது எழுத்து. எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்தபோது 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. அதற்கு முன்பு லை, ளை, ணை, னை எல்லாம் தலைமேல் தும்பிக்கை தூக்கிய எழுத்துகள். ணா, றா, னா சுழித்துக்கொண்டு இருக்கும். 1960-களின் போஸ்டர் என்று ஒருவர் நீட்டுகிறார், அதில் "இசை அமைத்தவர்களை" என்றோ "கலை" என்றோ இன்றைய எழுத்தில் இருக்கிறது என்றால், சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மறுபக்கம், தலைப்பு எழுதும் ஓவியர்கள் ஆணை வந்த பிறகும் சில காலம் பழைய தும்பிக்கையை விடவில்லை. அழகுக்காகவும் வைத்துக்கொண்டார்கள். தலைப்பை விட்டுவிட்டு, அடியில் அச்சுக்கோத்த சின்ன எழுத்துகளைப் பாருங்கள். காலம் அங்கே தெரியும்.

தணிக்கைக் குறி இன்னொரு வழி. யு/ஏ என்ற வகை 1983-ல்தான் வந்தது. பாட்டுப் புத்தகமும் சேர்ப்பவர் என்றால் விலையைப் பாருங்கள். அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, "ந.பை." என்று நயா பைசாவில் இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. இந்தப் புத்தகங்களை மட்டமாக நினைக்காதீர்கள். கதைச் சுருக்கம் சொல்லிக்கொண்டே வந்து, சிக்கலான இடத்தில் "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்திவிடுவார்களே, அந்தச் சின்னப் புத்தகத்தின் அட்டையில்தான் பல நாற்பதுகளின் படங்களுக்கு ஓவியம் மிஞ்சியிருக்கிறது. போஸ்டர் கிடைக்கவே கிடைக்காது.

மறுவெளியீடுதான் பெரிய சிக்கல். எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்கள் இருபது, முப்பது வருஷம் திரும்பத் திரும்ப ஓடின. ஒவ்வொரு முறையும் புதுப் போஸ்டர் அடித்தார்கள், பல நேரம் பழைய டிசைனை வைத்தே. "புத்தம் புதிய காப்பி" என்று இருந்தால் சந்தேகமே இல்லை, மறுவெளியீடு. இதில் கேவலம் ஒன்றும் கிடையாது. 'கர்ணன்' 1964-ல் வந்தது, டிஜிட்டலில் 2012-ல் மீண்டும் வந்து சக்கைப்போடு போட்டது. 2012 போஸ்டரை 2012 போஸ்டர் என்று சொல்லி விற்றால் அது நேர்மையான சரக்கு. 1964 என்று சொல்லி விற்றால்தான் தப்பு.

போலியைப் பிடிப்பது

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்குங்கள். பிரஸ்காரர்களும் நகைக்கடைக்காரர்களும் வைத்திருப்பார்களே, அது. போஸ்டரில் படத்தைப் பார்க்க வேண்டாம். கறுப்பு எழுத்தின் ஓரத்தில் வையுங்கள்.

அசல் அச்சில் எழுத்து முழுக் கறுப்பு. மை ஒரே படலமாகப் படிந்திருக்கும், ஓரம் கத்தியால் வெட்டியது மாதிரி நிற்கும். ஸ்கேன் பண்ணி அடித்த நகலில் அதே எழுத்து நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று புள்ளிகளாகச் சிதறும், ஓரத்தில் பிசிறு அடிக்கும். அப்புறம் முகத்துக்கு வாருங்கள். ஆப்செட்டில் அடித்த அசலில் புள்ளிகள் ஒழுங்கான ரோஜா வட்டங்களாக இருக்கும். நகலிலோ அசலில் இருந்த அச்சுப் புள்ளிமேல் புதிய புள்ளி ஏறி, கொசுவலை இரண்டாக மடிந்து விழுந்தால் தெரியுமே, அந்த அலை ஓடும். இன்னும் பழைய லித்தோ போஸ்டர் என்றால் ஒழுங்கே இருக்காது. ஓவியர் கையால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் புள்ளி வைத்து, நிழல் தீட்டி எடுத்த தகடு அது. கன்னத்துச் சிவப்பில் ஒரு புள்ளி பெரிசு, ஒரு புள்ளி சிறிசு, ஒன்று வழி தவறியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் கம்ப்யூட்டர் பிரிண்ட் உங்களை ஏமாற்றாது.

மடிப்பை விரலால் தடவுங்கள். நிஜ மடிப்பில் மை வெடித்து உள்ளே தாளின் வெள்ளை தெரியும், விரலுக்கு ஒரு வரம்பு தட்டுப்படும். நகலில் மடிப்பும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். கண்ணுக்குக் கோடு, விரலுக்கு வழவழப்பு. தாளின் பழுப்பு ஓரத்திலிருந்து உள்ளே போகும்போது குறைய வேண்டும். முழுத்தாளும் ஒரே சீராகப் பழுப்பென்றால் டீத்தண்ணியில் குளித்தது. கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கு இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். இன்றைய வெள்ளைத் தாளில் கலக்கும் பளிச்சூட்டி நீலமாக ஒளிரும். நாற்பதுகளின் போஸ்டர் அப்படி ஒளிரக் கூடாது.

'ஹரிதாஸ்' போஸ்டர் என்று யாராவது சுலபமாக எடுத்துக் காட்டினால் லென்ஸ்கூடத் தேவையில்லை. 1944-ல் வந்து மூன்று தீபாவளி கண்ட படம். அசல் தாள் இப்படிச் சந்தையில் உருண்டுகொண்டிருக்காது.

எங்கே, எப்படி வாங்குவது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீட்டுச் சாமான்களுக்கு நடுவே போஸ்டர், எனாமல் போர்டு, தியேட்டரில் பார்வைக்கு வைக்கும் ஷோ கார்டு அட்டை எல்லாம் கிடைக்கும். சென்னையில் மூர் மார்க்கெட் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் பாட்டுப் புத்தகங்கள் வரும். மும்பை சோர் பஜாரில் மட்டன் தெருவில் இந்திப் பட போஸ்டர்களுக்கு நடுவே தமிழும் தென்படும். ஆனால் நல்ல சரக்கு கடையில் பிறப்பதில்லை. மூடப்போகும் தியேட்டரிலும், தொழிலை விட்ட விநியோகஸ்தர் வீட்டிலும்தான் பிறக்கிறது.

அங்கே போனால் பேச்சு முக்கியம். போனவுடன் "விண்டேஜ் போஸ்டர் இருக்கா?" என்று கேட்டால் விலை கூரையைத் தொட்டுவிடும். ஆபரேட்டராக இருந்த பெரியவர் ஒருவரிடம் நான் கேட்டது இவ்வளவுதான்: "அண்ணே, பழைய பேப்பர் ஏதும் கெடக்கா? கட்டோட எடுத்துக்கிறேன்." அவர், "கெடக்கு தம்பி, எலி தின்னது போக மிச்சம்" என்றார். கட்டோடு வாங்குங்கள். பொறுக்கி எடுத்தால் நீங்கள் எடுத்ததுதான் விலை உயர்ந்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதற்காக ஏமாற்றச் சொல்லவில்லை. கட்டுக்குள் பெரிய சரக்கு இருந்தால் அடுத்த முறை போகும்போது கூடக் கொடுத்துவிட்டு வாருங்கள். அவருக்குத் தெரிந்த இன்னொரு தியேட்டர் இருக்கும்.

இணையத்தில் வாங்குவதென்றால் நான்கு படம் கேளுங்கள்: முழுத்தாள், பின்பக்கம், அடிவிளிம்பு, ஒரு எழுத்தின் நெருக்கமான படம். பின்பக்கம் அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம். அளவும் கேளுங்கள். டபுள் கிரௌன் 20க்கு 30 அங்குலம், பெரிய ஒற்றைத் தாள் ஏறக்குறைய 30க்கு 40. ஏ3, ஏ2 அளவில் ஒரு "அசல்" வந்தால் அது பிரிண்டர் கடை அசல். நாலு ஷீட், ஆறு ஷீட் போஸ்டர்கள் துண்டு துண்டாக வரும், ஒரு துண்டு குறைந்தாலும் மதிப்பு பாதிக்குக் கீழே போய்விடும். தியேட்டர் பெயர் போட்ட நீளச் சீட்டு அடியில் ஒட்டியிருந்தால் உரித்துவிடாதீர்கள். அழுக்கு மாதிரி தெரிந்தாலும், எந்த ஊரில் ஓடியது என்பதற்கு அதுதான் சாட்சி.

சந்தை எப்படி மாறியது

எடைக்குப் போட்ட காலம் ஒன்று இருந்தது. பட்டாசுச் சுருளுக்கும் பொட்டலத்துக்கும் போன லித்தோ போஸ்டர்கள் எத்தனையோ. அப்புறம் வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், ஹோட்டல்காரர்கள் சுவரை அலங்கரிக்கக் கேட்டார்கள். அவர்களுக்குப் படம் எதுவானாலும் சரி, நிறம் பளிச்சென்று இருந்தால் போதும். இணையம் வந்ததும் விலை எல்லாருக்கும் தெரிந்துபோனது. கூடவே போலியும் வந்தது. இப்போது ஹோட்டல்காரர்கள் நகலையே வாங்கிக்கொள்கிறார்கள்; அவர்களுக்கு அதுவே போதும். அதனால் நடுத்தரச் சரக்கின் விலை தேங்கிக் கிடக்கிறது.

என் கணிப்பில் பெரிய மாற்றம் வேறு. போஸ்டரை விலை கொடுத்து வாங்குபவர் பெரும்பாலும் தன் பள்ளிக்கூட நாள்களைத்தான் வாங்குகிறார். எம்.ஜி.ஆர். படத்துக்கு முதல் காட்சி போன தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்கள் சேர்த்ததெல்லாம் பிள்ளைகள் கையால் வெளியே வருகிறது, வாங்க ஆள் குறைகிறார்கள். எண்பதுகளின் ரஜினி, கமல் படங்களுக்கும், 1976-ல் 'அன்னக்கிளி'யில் தொடங்கிய இளையராஜாவின் பெயர் உள்ள தாள்களுக்கும் இப்போது போட்டி. 'கில்லி' 2024-ல் மறுபடி திரைக்கு வந்ததற்குப் பிறகு இரண்டாயிரங்களின் போஸ்டரையும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். டிசைனர் பெயரைப் பார்த்து வாங்குகிற சின்னக் கூட்டமும் உருவாகியிருக்கிறது. உபால்டு, பரணி, ஈஸ்வர் என்று ஓரத்தில் கையெழுத்து இருந்தால் கூடுதல் கொடுக்கிறார்கள். எனக்குப் பிடித்த மாற்றம் இதுதான். முதலீடாக மட்டும் நினைத்து வருபவர்களுக்கு நான் சொல்வது: தங்கம் வாங்குங்கள்.

பாதுகாப்பது

லேமினேஷன் செய்தால் போஸ்டர் செத்தது. செல்லோடேப் போட்டால் பத்து வருஷத்தில் பழுப்புத் தழும்பு. பெவிக்காலும் வேண்டாம். கிழிந்ததை ஒட்ட வேண்டுமென்றால் கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும்தான், அதுவும் பின்பக்கத்தில். விலை உயர்ந்த தாள் என்றால் தாள் பராமரிப்புத் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்களே கை வைக்காதீர்கள்.

படுக்கை வசமாக, மைலார் என்ற கண்ணாடி போன்ற பாலியெஸ்டர் உறையில், அமிலமில்லா அட்டைமேல் வையுங்கள். இடமில்லையென்றால் அகலமான குழாயில் தளர்வாகச் சுருட்டலாம். தரையோடு ஒட்டி வைக்க வேண்டாம், சென்னை மழையில் எந்த வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்று யாருக்குத் தெரியும். ராமபாணப் பூச்சிதான் முதல் எதிரி. வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போடுங்கள். தாளில் நேரடியாகப் பட வேண்டாம். மாதம் ஒரு முறையாவது திறந்து காற்றாட விடுங்கள். சுவரில் மாட்டுவதென்றால் கண்ணாடி தாளைத் தொடாதபடி இடைவெளி விட்டு, வெயில் படாத சுவரில். சிவப்பும் மஞ்சளும்தான் முதலில் வெளுக்கும்.

ஒரு சட்ட விஷயம்: தாள் உங்களுடையது என்பதால் அந்தப் படத்தை டிஷர்ட்டில் போட்டு விற்கும் உரிமை உங்களுடையதாகிவிடாது.

வீட்டில் யாருக்கும் இதில் ஆர்வமில்லை என்றால் இப்போதே ஒரு நூலகத்தோடு பேசி வையுங்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களையும் துண்டறிக்கைகளையும் வைத்துத்தான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994-ல் அமைந்தது. அதில் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் உண்டு. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. கொடுக்கும்போது பிரிக்காமல் மொத்தமாகக் கொடுங்கள். ஒவ்வொன்றும் எந்த ஊரில், யாரிடம், எந்த வருஷம் வாங்கியது என்று குறிப்பு இருக்கட்டும். பென்சிலால் எழுதுங்கள். போஸ்டரின் முதுகில் வேண்டாம். தனிச் சீட்டில் எழுதி உறைக்குள் வைத்தால் போதும்.