காயலான் கடை இரும்பில் சிற்பமா? முதலில் அதன் பழைய வேலையைக் கேளுங்கள்

பழைய பேரல், பேரிங், கியர், ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இவற்றை வைத்துப் பெரிய சிற்பம் ஒன்று செய்ய ஆசைப்படுகிறவர்கள் காயலான் கடையில் நுழைந்ததும் வடிவத்தைத்தான் பார்க்கிறார்கள். இது இறக்கை மாதிரி இருக்கிறது, அது கண் மாதிரி இருக்கிறது என்று பொறுக்கிப் போடுகிறார்கள். அந்தப் பொருள் முன்பு என்ன வேலை பார்த்தது என்று கேட்பதில்லை. உயிருக்கே உலை வைக்கிற தவறு அதுதான்.

பேரலையே எடுத்துக்கொள்ளுங்கள். கவிழ்த்தால் ஒரு சொட்டுகூட வராது. ஆனால் மடிப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெயோ தின்னரோ சூடு பட்டதும் ஆவியாகும். கட்டரை வைக்கும்போது வெடித்துவிடலாம். தண்ணீர் விட்டு அலசியாயிற்றே என்று தைரியம் கொள்ள வேண்டாம். உள்ளே என்ன இருந்தது என்று கடைக்காரருக்கே தெரியாவிட்டால் அந்தப் பேரல் நமக்கு வேண்டாம்.

ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாக எழும். அப்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி குளிர் காய்ச்சல் தூக்கிப்போடும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். பற்றவைக்கும் இடத்தில் பூச்சை எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், புகையைத் தடுக்கும் முகமூடியோடு செய்யுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்; அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

அப்புறம் இன்னொரு தவறு, செய்த சிற்பம் விழாமல் நிற்குமா என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுவது. லாஸ் ஏஞ்சலஸில் சைமன் ரோடியா என்ற தொழிலாளி 1921 முதல் 1954 வரை தனியாளாக எழுப்பியவை வாட்ஸ் கோபுரங்கள். இரும்புக் கம்பி, வலை, சிமென்ட் கலவை, மேலே உடைந்த பாட்டில் துண்டுகளும் ஓட்டுத் துண்டுகளும். உயரமான கோபுரம் சுமார் 30 மீட்டர். ஆபத்து என்று நகர நிர்வாகம் இடிக்கப் பார்த்தது. 1959-ல் 10,000 பவுண்டு விசையில் பக்கவாட்டில் இழுத்துச் சோதித்தார்கள், கோபுரம் நின்றது. வெல்டிங்கே இல்லை. இணைப்புகளைக் கம்பியால் சுற்றிக் கட்டிக் கலவை பூசியிருந்தார். நாமோ வெல்டிங் மெஷின் இருந்தும் இணைப்பு முழுக்கப் பற்றவைக்காமல் அங்கங்கே பொட்டு மாதிரி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

எவர்சில்வரும் சாதா இரும்பும் சேரும் இடத்தில் மழைநீர் தேங்கினால் இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். நீர் வடிய ஓட்டை போடுங்கள்.

முடித்ததும் எல்லாவற்றின் மேலும் தங்க நிற ஸ்ப்ரே அடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. கியரின் பல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கும். வருடக்கணக்கில் பாரம் இழுத்த பக்கம் அது. அதை ஏன் மறைக்க வேண்டும்? துருவைத் தேய்த்து, நிறமில்லாத வார்னிஷ் அடித்தால் போதும். வெயிலில் வைப்பதானால் அவ்வப்போது பார்த்து மறுபடி அடியுங்கள்.