சாட்டிர்: கதை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்றுப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதை ஆடும் குழு காட்டுக்குள் நுழைந்தால், ஆட்டுக்காலும் கொம்பும் உள்ள சாட்டிர் ஒன்று எப்படியும் எதிர்ப்படும். அதைப் பெண்களைத் துரத்தும் குடிகாரனாக மட்டும் ஆடிக் காட்டுவதுதான் மிகப் பெரிய தவறு. கிரேக்கப் புராணத்தில் சாட்டிர்களுக்குக் காமவேட்கை உண்டு, அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் நண்பர்களோடு விளையாட வந்த ஒருவர், தன் பாத்திரத்தின் மீது தொடுக்கப்படும் சீண்டலை ஒரு மணி நேரம் சகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரக் கூடாது. எது வேண்டாம் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள்.

சீண்டலை எடுத்துவிட்டால் சாட்டிரிடம் என்ன மிஞ்சும் என்று கேட்பவர்கள் உண்டு. நிறையவே மிஞ்சும். அவர்கள் மதுவின் தெய்வமான டயோனிசஸின் பரிவாரம். ஊரின் ஒழுங்கும் பதவியும் செல்லாத கொண்டாட்டம் அவர்களுடையது. அவர்களில் மூத்தவரான சிலேனஸிடம் மனிதருக்கு எட்டாத ஞானம் இருந்தது. அதைக் கேட்டறிய விரும்பிய மைதாஸ் அரசன், ஊற்றுநீரில் மதுவைக் கலந்து அவரைப் பிடித்தான் என்கிறது பழங்கதை. உங்கள் குழுவுக்குத் தேவையான இரகசியமும் ஒரு கிழட்டுச் சாட்டிரிடம் இருக்கலாமே! அதைப் பெற வாளை உருவுவதா, விருந்து வைப்பதா என்று குழு தடுமாறும் காட்சிக்கு ஈடான சண்டைக்காட்சி அரிது.

அடுத்தது குழல். 2014ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி, சாட்டிரின் குழலிசை 60 அடிக்குள் கேட்பவர்களைத் தன்பால் ஈர்த்து மயக்கலாம், அச்சுறுத்தலாம், தூங்க வைக்கலாம். ஒரு கூட்டத்தில் வழக்கமாக ஒரே ஒரு சாட்டிர்தான் இந்தக் குழலை வைத்திருக்கும். ஐந்து சாட்டிர்களின் கையிலும் கொடுத்துவிட்டால், வீரர்கள் தங்கள் முறை வரும்போதெல்லாம் செய்வதற்கு ஏதுமின்றிச் சும்மா இருக்க வேண்டியதுதான். அதைவிட மோசமானது, மயக்கத்தை அடிமைத்தனமாகப் புரிந்துகொள்வது. மயங்கியவரால் அந்தச் சாட்டிரைத் தாக்க முடியாது. அது பேசி இணங்கவைக்க முயலும்போது அதற்குச் சாதகம் கிடைக்கும். அவ்வளவுதான். நண்பனைக் குத்தச் சொல்லவோ, பணப்பையைப் பிடுங்கவோ, உடலைத் தொடவோ அந்த விதி இடம் தரவில்லை. சாட்டிரோ அதன் தோழர்களோ மயங்கியவரைக் காயப்படுத்தினால் மயக்கம் அப்போதே கலைந்துவிடும். பாத்திரத்தின் மனம் அதை ஆடுபவருக்கே உரியது. அதைப் பறித்துக்கொள்ளும் கதை நடத்துபவரிடம் யாரும் நம்பி ஆட மாட்டார்கள்.

கிரேக்கப் புராணத்தைத் தழுவிய தீரோஸ் என்ற கற்பனை உலகத்துக்காக 2020இல் வெளியான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நூல், சாட்டிரை ஆட்டக்காரர்கள் ஏற்கும் பாத்திரமாகவும் ஆக்கியது. இங்கே இரண்டு இடங்களில் விதியைப் பலர் பிசகாகப் புரிந்துகொள்கிறார்கள். விதிப்படி சாட்டிர் ஃபே வகை உயிர், அதாவது தேவதைக் கதைகளில் வருவது போன்ற மாய உயிர்; மனித வகை அல்ல. எனவே மனித வகையினரை மட்டும் கட்டிப்போடும் மந்திரங்கள் அதனிடம் பலிக்காது. அதன் மாய எதிர்ப்போ, மந்திரத்திலிருந்து தப்பிக்க உருட்டும் பகடைக்கு மட்டுமே உதவும். மந்திரவாதி குறிபார்த்து எறியும் நெருப்புக்கு எதிராக எந்தச் சலுகையும் இல்லை.

தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாக: பழைய ஏதென்ஸ் மட்பாண்ட ஓவியங்களில் சாட்டிருக்குக் குதிரை வாலும் குதிரைக் காதும்தான் இருக்கின்றன. ஆட்டுக்கால், ஆட்டு உருவம் கலந்த கிரேக்கத் தெய்வமான பானிடமிருந்து பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. உங்கள் உலகம் தொன்மையான கிரேக்கத்தைத் தழுவியது என்றால் குதிரை வால் அழகாகப் பொருந்தும்.

சாட்டிரைச் சாகும்வரை சண்டையிட வைப்பதும் வேண்டாம். அதே 2014 விதியில் அதற்குச் சராசரியாக 31 உயிர்ப்புள்ளிகள்தான், அதாவது அவ்வளவு அடியைத்தான் தாங்கும். ஆனால் ஒரு சுற்றில் 40 அடி ஓடும், சாதாரண மனிதரைவிட 10 அடி அதிகம். இப்படிப்பட்ட உயிர், கொண்டாட்டம் கெட்டுப்போனதும் புதருக்குள் பாய்ந்து மறைவதுதான் இயல்பு. அடிபட்டதும் ஓடவிடுங்கள். தப்பிய சாட்டிரைப் பின்னொரு நாள் கதைக்குள் அழைத்துவர வழி இருக்கும்.