ஃபேண்டஸி நாவலில் திணறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

இலங்கை மலையகத்தில், அட்டன் ஊர்ப் பக்கங்களில், மாய உலகில் நடக்கும் தடித்த ஃபேண்டஸி நாவலை இரவல் வாங்கி, ஐம்பதாம் பக்கத்தோடு திருப்பிக் கொடுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “எனக்கு இங்கிலீஷ் பத்தாது.” நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். தவறுகளிலேயே பெரியது அதுதான்.

ஸ்டீவன் எரிக்சனின் ‘கார்டன்ஸ் ஆஃப் தி மூன்’ 1999இல் வந்தது. பத்து நாவல் கொண்ட தொடரில் முதலாவது. பேரரசு, படைகள், தெய்வங்கள், இனங்கள் என்று எதையும் விளக்காமல் நம்மை நடுவில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்களும் அங்கே திணறுகிறார்கள். அதில் ‘வாரன்’ (warren) என்றொரு சொல் அடிக்கடி வரும். அகராதியைப் புரட்டினால் முயல் வளை என்று இருக்கும். கதையிலோ மந்திரவாதிகள் சக்தி எடுப்பதும் அதிலிருந்துதான், ஊர் விட்டு ஊர் போவதும் அதன் வழியாகத்தான். இந்த இடத்தில் அகராதி உதவாது. அந்தச் சொல் வரும்போது யார் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். நாலைந்து தடவை வந்த பிறகு தானாக விளங்கும்.

மன்மதனைச் சிவன் எரித்த கதையைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைச் சின்ன வயதில் அப்படித்தானே பார்த்தோம்! தூதன் ஏன் வருகிறான், வீரபத்திரனுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. தப்பு மேளத்தின் சத்தம் கேட்டதும் லயத்து வீடுகளிலிருந்து ஓடினோம். மதன் எரிந்ததும் ரதியோடு சேர்ந்து அழுதோம். நாவலிலும் மனதுக்குப் பிடித்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் போங்கள்.

முன்பக்கத்துப் பெயர்ப் பட்டியலைப் பரீட்சைக்குப் போல பாடமாக்க வேண்டாம். ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வந்தாலும் பயப்படத் தேவையில்லை. பெயர்ப்பலகையில் ஒன்றும் நம் வாயில் வேறொன்றுமாகப் பெயர் உள்ள தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அது புதிதா?

பின்னிணைப்பை முதலிலேயே வாசிப்பதும் கூடாது. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் மூன்றாம் பாகம் 1955இல் வந்தது. அதன் கடைசியில் உள்ள கால வரிசை, கதை முடிந்த பிறகு பாத்திரங்களுக்கு என்ன ஆயிற்று என்பது வரை சொல்லிவிடும். இணையத்தில் பெயரைத் தேடினாலும் இதே கதிதான். யார் சாகிறார் என்பது முதல் வரியிலேயே கண்ணில் பட்டுவிடும்.

இரண்டு வாரம் இடைவெளி விட்டால் கதையின் இழை அறுந்துபோகும். வேலை முடிந்து களைத்து வருகிற நாளிலும் பத்துப் பக்கமாவது வாசியுங்கள்.

முடித்த கையோடு புத்தகத்தை மூடிவைக்கவும் வேண்டாம். பதுளைக்குப் போகும் ரயில் தெமோதரை ஸ்டேஷனைத் தாண்டி, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்துக்குள் நுழையும். அதுபோல முதல் அத்தியாயத்துக்கு ஒரு தடவை திரும்பி வாருங்கள். அன்றைக்கு யாரென்று தெரியாமல் கடந்துபோன ஆட்களெல்லாம் இப்போது பெயரோடும் முகத்தோடும் அங்கே நிற்பார்கள்.