குப்பம் பக்கத்து கருங்கல்ல பூமியோட சூட்டைப் படிக்கிறது எப்படி

குப்பம், வி.கோட்டா, பலமநேர் பக்கம் இருக்கறவங்க, இல்ல கிருஷ்ணகிரில இருந்து பார்டர் தாண்டி வர்றவங்க, பூமிக்குள்ள இருக்கற சூடு என்ன வேலை பண்ணுதுன்னு பார்க்க எரிமலை தேடிப் போக வேண்டாம். நம்ம சாம்பக் கலர் குண்டுப் பாறைங்களை அறுத்துக்கிட்டு கறுப்பா நீளமா ஒரு கல்லு ஓடுதே, அதுக்கு டைக்னு பேரு, பாறை வெடிப்புக்குள்ள மேக்மா, அதாவது உருகின பாறை, ஏறி இறுகினது. இந்தப் பக்கம் பிளாக் கிரானைட்னு பாலிஷ் போட்டு விக்கறது பெரும்பாலும் அதுதான், ஆனா அது கிரானைட் இல்ல, டோலரைட்.

ரோடு போட மலையை வெட்டின இடத்துல பாருங்க, அங்கதான் நல்லா தெரியும். ஓடுற குவாரிக்குள்ள கேக்காம போகாதீங்க, வெடி வைப்பாங்க. தண்ணி நின்ன பழைய குழி பக்கம் பசங்களை விடவே கூடாது.

முதல்ல ஓரத்தைப் பாருங்க. கறுப்புக் கல்லும் சாம்பக் கல்லும் சேர்ற இடத்துல லென்ஸ் வச்சா கல்லோட படிக மணியே தெரியாம வழவழன்னு இருக்கும், நடுவுக்குப் போகப் போக மணி பெருசாகும். ஏன்னா 1,100 டிகிரிக்கு மேல கொதிச்சுக்கிட்டு வந்த மேக்மா ஆறிப்போன பாறை மேல பட்டதும் ஓரம் சட்டுன்னு இறுகிடுச்சு, சித்தூர் பக்கம் வெல்லப்பாகை அச்சுல ஊத்தினா ஓரம் முதல்ல கட்டுமே அதே மாதிரி. அடுத்து ஒரு சின்ன காந்தத்தை நூல்ல கட்டி கிட்ட கொண்டு போங்க, கறுப்புக் கல்லு லேசா இழுக்கும். அப்புறம் அது எந்தத் திசைல ஓடுதுன்னு காம்பஸ்ல குறிச்சுக்கோங்க, ஆனா கல்லு மேல வச்சுப் பார்த்தா முள்ளு தப்பாக் காட்டும், நாலு அடி தள்ளி நின்னு பாருங்க. டைக் வடக்கு தெற்கா ஓடினா அன்னிக்கு தரை கிழக்கு மேற்கா இழுபட்டு பிளந்திருக்குன்னு எடுத்துக்கலாம்.

சரி, அந்த சூடு எங்க இருந்து வருது? பூமி உருவானப்போ சேர்ந்த சூட்டுல மிச்சம் ஒரு பங்கு, யுரேனியம், தோரியம், பொட்டாசியம் அணுக்கள் சிதையறதுல வர்றது ஒரு பங்கு, ஏறக்குறைய பாதிப் பாதி. கிரானைட்ல ரோஸ் கலரா தெரியுற ஃபெல்ஸ்பார்ங்கற கனிமத்துல அந்தப் பொட்டாசியம் இருக்கு, நீங்க கைல பிடிச்சிருக்கற கல்லே கொஞ்சூண்டு சூட்டை உண்டாக்கிக்கிட்டுதான் இருக்கு.

பக்கத்து கோலார் தங்கவயல் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல ஆழம், 2001ல மூடினாங்க, அடியில பாறையோட சூடு 60 டிகிரிக்கு மேல. வழக்கமா கிலோமீட்டருக்கு 25, 30 டிகிரி ஏறும்பாங்க, நம்ம பழைய பாறைத் தரைல அதைவிட கம்மி. இங்க ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்பப் பிடிச்ச இடம் இது. 25 டிகிரின்னே வச்சு 6,371 கிலோமீட்டருக்குப் பெருக்கினா நடு மையம் ஒன்றரை லட்சம் டிகிரிக்கு மேல வரும், ஆனா உண்மையில அது 5,000 டிகிரிக்கு கொஞ்சம் மேலதான். ஏன்னா மேல் ஓட்டுல மட்டும்தான் சூடு பாறை வழியா மெதுவா கடத்தப்படுது, அதுக்குக் கீழ மேன்டில்ங்கற தடிப்பான அடுக்குல பாறையே சூட்டைத் தூக்கிக்கிட்டு மேல வருது, அதனால ஆழம் போகப் போக சூடு ஏறுற வேகம் குறைஞ்சிடுது.

மேன்டில் திரவம்னு பசங்களுக்கு சொல்லிக் கொடுக்காதீங்க ப்ளீஸ். அது கெட்டிப் பாறை, வருஷத்துக்கு சில சென்டிமீட்டர் கணக்குல நகருது. பூமியோட மேல் ஓடு தட்டுன்னு சொல்ற பெரிய துண்டுங்களா இருக்கு; மேல ஆறி கனமான கடல் தட்டு டிரெஞ்ச்னு சொல்ற ஆழமான கடலடிப் பள்ளத்துல உள்ள இறங்கறப்போ மிச்சத் தட்டையும் தன் பின்னாலயே இழுத்துக்கிட்டுப் போகுது, தட்டுங்க நகர்றதுக்கு முக்கியமான விசை அதுதான். நம்ம இந்தியத் தட்டு வருஷத்துக்கு 5 சென்டிமீட்டர் போல வடக்கு வடகிழக்கா போகுது.

அப்போ மேக்மா எப்படி வருது? தட்டுங்க பிரியற இடத்துல பாறை மேல ஏறும்போது அழுத்தம் குறைஞ்சு உருகும். தட்டு உள்ள இறங்கற இடத்துல அதோட போன தண்ணி மேல இருக்கற பாறையோட உருகுநிலையைக் குறைக்கும், அந்தமான்ல பாரன் (Barren) தீவு எரிமலை அப்படித்தான். ஆழத்துல இருந்து அதிக சூடான பாறை தூண் மாதிரி ஏறி வந்தாலும் உருகும், 6.6 கோடி வருஷத்துக்கு முந்தின தக்காண எரிமலைப் பாறைக்கு பெரும்பாலானவங்க சொல்ற காரணம் அது. நம்ம டைக் எல்லாம் அதுக்கும் ரொம்ப முந்தி, நிறைய 200 கோடி வருஷத்தைத் தாண்டினது.

ரெண்டு டைக் குறுக்க வெட்டிக்கிற இடம் கிடைச்சா விடாதீங்க, எது மத்ததை அறுத்துக்கிட்டுப் போகுதோ அதுதான் பின்னாடி வந்தது, ஸ்கேலுக்கு ஒரு பேனா வச்சு போட்டோ எடுத்து ரெண்டோட திசையையும் எழுதி வச்சுக்கோங்க.