மஞ்சள் தோட்டத்து மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசிஸைப் பிரித்தெடுப்பது எப்படி?

ஈரோடு, கோபி பக்கத்துத் தோட்டங்களில் கோடை மழையின் முதல் துளிகள் விழுந்ததும் எழும் மண்வாசனைக்கு முக்கியக் காரணம் ஜியோஸ்மின் என்னும் வேதிப்பொருள். அதை மண்ணில் பெருமளவு உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியப் பேரினத்திலிருந்துதான், 1943இல் மண் நுண்ணுயிரியல் அறிஞர் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டெடுத்தார். காசநோய்க்குப் பயன்பட்ட முதல் ஆன்டிபயாடிக் அதுவே. அந்தப் பேரினத்து உயிரிகளை உங்கள் கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில் நீங்களும் வளர்த்துப் பார்க்கலாம்.

படி 1. மஞ்சள் பாத்தியில் மேல்மண்ணை விலக்கி, அரை சாண் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுங்கள். அண்மையில் பூச்சிமருந்து அடித்த இடம் வேண்டாம். மண்ணை நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். உலர்வைத் தாங்காத பாக்டீரியாக்கள் பல மடிந்துபோக, ஸ்ட்ரெப்டோமைசிஸின் வித்துகள் தாக்குப்பிடிக்கும்.

படி 2. ஒரு கிராம் மண்ணை 9 மில்லி கிருமிநீக்கிய நீரில் நன்றாகக் குலுக்கி, அதிலிருந்து 1 மில்லி எடுத்து அடுத்த 9 மில்லியில் சேர்த்து, இப்படியே ஐந்து முறை நீர்க்கச் செய்யுங்கள். கடைசி மூன்று குழாய்களிலிருந்தும் 0.1 மில்லி வீதம் மாவுச்சத்தும் கேசீன் என்னும் பால்புரதமும் கலந்த அகார் (பாக்டீரியா வளர்க்கும் கூழ்) தட்டுகளில் பரப்புங்கள். பூஞ்சை முந்திக்கொள்ளாமல் இருக்க, அகாரில் நிஸ்டாடின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தைச் சேர்ப்பது வழக்கம்.

படி 3. தட்டுகளை 28 டிகிரியில் 7 முதல் 14 நாள் வைத்திருங்கள். நம் ஊரில் சித்திரை மாதத்து அறை வெப்பம் இதைவிட வெகுவாக உயர்ந்துவிடுவதால், குளிரூட்டவும் கூடிய இன்குபேட்டர் (வெப்பநிலையை நிலையாக வைக்கும் பெட்டி) கட்டாயம் தேவை. மூன்றாம் நாள் வழவழப்பான பாக்டீரியக் கூட்டங்களை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்று தட்டுகளை எறிந்துவிடுவதே தொடக்கநிலை மாணவர்கள் செய்யும் பெரிய தவறு. என் முதல் தட்டுகளை நானும் அப்படித்தான் இழந்தேன். ஸ்ட்ரெப்டோமைசிஸ் மெதுவாக, நூலிழைகளாகப் படரும் உயிரி. உணவு குறையும்போது அது தன் பழைய இழைகளைச் சிதைத்து, அந்தச் சத்தைக் கொண்டு வித்து தாங்கும் இழைகளை மேலே எழுப்புகிறது. ஆன்டிபயாடிக் உற்பத்தியும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் தொடங்குகிறது. சிதையும் சத்தைத் தின்ன வரும் அயல் பாக்டீரியாக்களைத் தடுப்பதற்காக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆகவே நீங்கள் காத்திருக்கும் நாள்களில்தான் தேடும் பொருளே உருவாகிறது.

படி 4. சுண்ணாம்புத்தூள் தூவியது போன்ற பரப்பும், அகாரை விட்டு எளிதில் பெயராத கெட்டித்தன்மையும் கொண்ட கூட்டத்தைக் கம்பி வளையத்தால் எடுத்துப் புதுத் தட்டில் தனியாக வளருங்கள். மண்வாசனை வருகிறதா என்று தட்டைத் திறந்து முகர வேண்டாம். வித்துகள் மூச்சில் ஏறும்.

படி 5. இனிச் சோதனை. சத்துள்ள அகார் தட்டின் நடுவே ஸ்ட்ரெப்டோமைசிஸை ஒரே கோடாக இழுத்து, 5 அல்லது 6 நாள் வளரவிடுங்கள். பிறகு பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற, பொதுவாகத் தீங்கற்ற மண் பாக்டீரியாவைத் தட்டின் ஓரத்திலிருந்து நடுக்கோட்டை நோக்கி, அதைத் தொடாமல் செங்குத்தாக இழுத்து, ஒரு நாள் வையுங்கள். நோய்க்கிருமி எதையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் இல்லாத ஒரு தட்டிலும் பேசில்லஸை இழுத்து வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

நடுக்கோட்டருகே மட்டும் பேசில்லஸ் வளராமல் நின்றிருந்தால், அகாரில் பரவிய ஏதோ ஒரு பொருள் அதைத் தடுத்திருக்கிறது. அது ஸ்ட்ரெப்டோமைசின்தான் என்று இதைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஸ்ட்ரெப்டோமைசின், பாக்டீரியாவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் 30எஸ் எனப்படும் சிறிய பகுதியில் ஒட்டிக்கொண்டு மரபுச் செய்தியைப் பிழையாகப் படிக்கவைப்பதால், தவறான புரதங்கள் உண்டாகின்றன. நம் செல்களின் சைட்டோபிளாசத்தில் உள்ள ரைபோசோம் வேறு அமைப்புடையது என்பதால் அது அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. உங்கள் தட்டில் உள்ளதோ செல்சுவரைத் தாக்கும் வேறொரு பொருளாகவும் இருக்கலாம்.

தடுப்பு வெளியின் நீளத்தை மில்லிமீட்டரில் அளந்து, மண் எடுத்த இடத்தையும் நாளையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். தூய வளர்ப்பைச் சாய்வு அகாரில் பாதுகாத்துவிட்டு, மற்ற தட்டுகள் அனைத்தையும் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த (அழுத்த நீராவியில் கிருமிநீக்கிய) பின்னரே குப்பையில் சேருங்கள்.