நினைத்த இடத்தில் தோன்றுபவனை எப்படிச் சமாளித்தேன்

ஞாயிறு மதியம் மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் ஐந்து பேர் கூடி சூப்பர் ஹீரோ ரோல்பிளே ஆடுவோம்: ஆளுக்கொரு ஹீரோவாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். கதையைச் சொல்லி நடத்துவது நான். 'மியூட்டண்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்' என்ற ஆட்டத்தின் விதிகள்தான். பத்தாம் நிலை ஹீரோவுக்குச் சக்திகளை வாங்க 150 புள்ளி. குறி தவறாமைக்கான எண்ணும் அடியின் வலுவுக்கான எண்ணும் சேர்ந்து 20-ஐத் தாண்டக் கூடாது. ஒருவர் 5, 15 என்று பிரிக்கலாம், இன்னொருவர் 12, 8 என்று. சண்டையில் இந்த வரம்பு அருமையாக நின்றது.

சிக்கல் சண்டைக்கு வெளியேதான். தம்பியின் ஹீரோ நினைத்த இடத்தில் தோன்றுவான். பூட்டிய அறை, கடத்தல்காரன் கார், எதுவானாலும் ஒரே நொடியில் முடிந்துவிடும். பலசாலி நாயகியாக ஆடும் அத்தை மகள் மூன்று வாரமாகப் பகடையைத் தொடவே இல்லை. தட்டிலிருந்த முறுக்கைப் பொடிப்பொடியாக உடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மனசே கேட்கவில்லை.

சக்தியைப் பிடுங்கவில்லை, இரண்டு கட்டுப்பாடு போட்டேன். கண்ணால் பார்க்கிற இடத்துக்கு மட்டும் போகலாம்; கூட ஒரே ஒரு ஆள்.

"என்ன அண்ணா, பாதி சக்தி போச்சே!"

கட்டுப்பாடு இருந்தால் சக்தியின் விலை குறையும். மிஞ்சிய புள்ளியில் கூர்மையான காது வாங்கிக்கொண்டதும் சமாதானமானான்.

அடுத்த வாரக் கதை, சயான் ஸ்டேஷனுக்கு முன்னால் வெள்ளத்தில் நின்றுபோன லோக்கல் ரயில். அவன் ஒவ்வொருவராக வெளியே கொண்டுவர, சாய்கிற பெட்டியைத் தாங்கிப் பிடித்தது அவள். இருபது முகப் பகடையில் 19 விழுந்ததும் நாற்காலியை விட்டு எழுந்து கத்தினாள்.