கனடாவில் ட்ரக் ஓடப்போகிறவர்களுக்கு: காசு கட்டுமுன் வண்டியைப் பாருங்கள்

இந்தமுறை விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வந்ததிலிருந்து ஒரே கேள்விதான். விசா கிடைத்தவர்கள், பயணத் திகதிக்குக் காத்திருப்பவர்கள், ஏற்கனவே போய் ஸ்காபரோவில் யாருடையோ பேஸ்மென்டில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கேட்பவர்கள், எல்லோருக்கும் ட்ரக் ஓட வேண்டும். நல்லது. நானும் அதைத்தான் ஓடுகிறேன், தொழிலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் நோகிறது, அதனால் எழுதிவைக்கிறேன். இது ஒன்ராறியோ மாகாணத்துக் கதை. அல்பேர்ட்டாவுக்கோ மனிற்றோபாவுக்கோ போகிறவர்கள் அந்த மாகாணத்து விதியைத் தனியாகப் பாருங்கள்.

விமானம் ஏறுமுன் இங்கேயே முடிக்க வேண்டிய அலுவல் ஒன்று இருக்கிறது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில், உங்கள் லைசென்ஸ் எப்போது எடுத்தது, எந்தெந்த வகுப்புக்கு, இப்போதும் செல்லுபடியாகிறதா என்பதை உறுதிப்படுத்தும் ஆங்கிலக் கடிதம் எடுங்கள். வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சிக்குக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை, யாழ்ப்பாணம் கச்சேரியிலேயே (மாவட்டச் செயலகம்) அதற்குக் கிளை இருக்கிறது. ஒன்ராறியோவில் கார் லைசென்ஸ் ஜி1, ஜி2, ஜி என்று மூன்று படி. கடிதம் இல்லாமல் வாயால் சொன்னால் அதிகபட்சம் ஒரு வருட அனுபவத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஓடியதாகக் கடிதம் சொன்னால், எழுத்துச் சோதனையும் கண் சோதனையும் முடித்து நேரே முழு ஜி டெஸ்டுக்குப் போகலாம். எழுத்துச் சோதனையைத் தமிழிலும் எழுதலாம். ஜி1, ஜி2 வைத்திருப்பவர் ட்ரக் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஆகவே அந்த ஒரு துண்டுக் கடிதம் ஒரு வருடச் சம்பளம்.

"அண்ணை, என்னிடம் இலங்கை கனரக லைசென்ஸ் இருக்கே, அதை மாற்ற ஏலாதோ?" என்று கேட்பார்கள். ஏலாது. இங்கே நீங்கள் எவ்வளவு பெரிய லொறி ஓடியிருந்தாலும், அங்கே ட்ரக் படிப்பை முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மற்றப் படிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். முழு ஜி. டாக்டர் நிரப்பும் மருத்துவப் படிவம் (அதற்கு அரச காப்புறுதி காசு தராது, சொந்தக் கைக்காசு). கண் சோதனை. ட்ரக் எழுத்துச் சோதனை, அதோடு எயார் பிரேக் (காற்றழுத்தத்தில் வேலை செய்கிற பிரேக்) சோதனை. பெரிய ட்ரெயிலர் இழுக்கும் லைசென்ஸை ஏஇசட் என்பார்கள்: ஏ என்பது வகுப்பு, இசட் என்பது எயார் பிரேக். 2017 ஜூலை 1 முதல் ஏ வகுப்புக்குக் குறைந்தது 103.5 மணித்தியாலப் பயிற்சி கட்டாயம். வகுப்பறையில் 36.5, யார்டில் (வண்டிகள் நிற்கும் வளவு) 17, வண்டியோடு 50. பள்ளிக்கூடம் அரசிடம் பதிந்ததாக இருக்க வேண்டும். நீங்கள் முடித்துவிட்டதாக அவர்கள் கணினியில் ஏற்றினால்தான் றோட் டெஸ்டுக்குப் போகலாம். இதெல்லாம் அரசின் இணையத்தளத்தில் தெளிவாகவே இருக்கிறது. அதில் யாரும் ஏமாறுவதில்லை.

ஏமாறுகிற இடம் வேறு.

என் சித்தப்பாவின் மகன் சுன்னாகத்துக்காரன். சுன்னாகம் சந்தையிலிருந்து வாழைக்குலை ஏற்றிக்கொண்டு இரவிரவாகக் கொழும்புக்கு ஓடினவன். ஏ9 வீதியில் எந்த இடத்தில் மாடு படுத்திருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் ஒருநாளும் தாண்டினதில்லை. அப்படிப்பட்டவனிடம் "புதிதாகப் படி" என்றால் ரோசம் வரும்தானே. அந்த ரோசத்தில்தான் விழுந்தான்.

ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் சின்ன அலுவலகம். சுவரில் பிள்ளையார் படம், மேசையில் பிளேன்ரீ. கதைத்தவர் எங்கள் பக்கத்து ஆள், ஊர், பள்ளிக்கூடம், யாருடைய மகன் என்றெல்லாம் விசாரித்திருக்கிறார். "தம்பி, உமக்கு ஓடத் தெரியும்தானே, பிறகேன் நூறு மணித்தியாலம் இருந்து படிக்க? கெதியா ஏ லைசென்ஸ் எடுத்துத் தாறன்" என்றார். கேட்ட காசும் மற்றப் பள்ளிகள் கேட்டதை விட நன்றாகக் குறைவு. பெரிய பிக்கப் ஒன்றின் பின்னால் பாரமான ட்ரெயிலரைக் கொழுவிப் பழக்கினார்கள். தம்பிக்கு அது விளையாட்டு. டெஸ்டும் பாஸ். வீட்டில் கேக் வெட்டினார்கள், படம் எனக்கும் வந்தது.

கார்ட் தபாலில் வந்தது. மிசிசாகாவில் ஒரு கம்பனி வேலைக்குக் கூப்பிட்டது. அங்கே சேஃப்டி பகுதியில் இருந்த பெண் கார்டை வாங்கி, ஏ என்ற எழுத்தைத் தாண்டி, நிபந்தனை போட்டிருக்கிற இடத்தில் விரலை வைத்தாராம். அதில் ஆர் என்று ஒரு எழுத்து. "இதை வைத்து எங்கள் யார்டில் நிற்கிற ஒரு ட்ரெயிலரையும் நீங்கள் இழுக்க முடியாது" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விஷயம் இதுதான். ஒன்ராறியோவில் 4,600 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலரை இழுத்தாலே ஏ வகுப்பு வேண்டும். குதிரை ஏற்றுகிறவர்கள், பெரிய படகோ நகரும் வீடோ இழுக்கிறவர்கள் எல்லோருக்கும் 103.5 மணித்தியாலம் படி என்று சொன்னால் நியாயமில்லை என்று, சின்ன வண்டியில் டெஸ்ட் கொடுப்பவர்களுக்கு அந்தப் பயிற்சியிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். பதிலுக்கு லைசென்ஸில் ஆர் நிபந்தனை விழும். எயார் பிரேக் உள்ள ட்ரெயிலரை இழுக்கக் கூடாது, இரட்டை ட்ரெயிலரையும் இழுக்கக் கூடாது. 401 நெடுஞ்சாலையில் நீங்கள் பார்க்கிற 53 அடி ட்ரெயிலர் எல்லாமே எயார் பிரேக்கில் ஓடுபவை. குதிரை வளர்க்கிறவனுக்கு அது நல்ல லைசென்ஸ். வேலை தேடுகிற எங்கள் பெடியனுக்கு அதை வைத்து என்ன செய்வது?

நானும் அவனும் அந்த அலுவலகத்துக்குப் போனோம். பிளேன்ரீ இந்தமுறை வரவில்லை. "நான் ஏ என்றுதான் சொன்னேன், ஏ கிடைத்திருக்கே. ட்ரக் கம்பனி வேலை என்று நான் எங்கே சொன்னேன்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரம் அவர் பொய் சொன்னதற்காக அல்ல. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, அதற்காகத்தான். காசு திரும்பவில்லை. ஆர் நிபந்தனையை எடுக்க முழு 103.5 மணித்தியாலமும் வேறொரு பள்ளியில் முதலிலிருந்து படித்து, பெரிய வண்டியில் திரும்ப டெஸ்ட் கொடுத்தான். அதற்குள் பேஸ்மென்ட் வாடகை, ஊருக்கு அனுப்ப வேண்டிய காசு, சீட்டுக்காசு எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தில் நின்றது.

எங்கள் ஊர்ப் பழக்கம் இங்கேதான் காலை வாருகிறது. யாழ்ப்பாணத்தில் லேர்னர்ஸில் (வாகனம் பழக்கும் இடம்) காசைக் கட்டினால் படிவம், மெடிக்கல் திகதி, ட்ரயல் திகதி எல்லாவற்றையும் அவர்களே பார்ப்பார்கள். நாங்கள் சொன்ன நேரத்துக்குப் போய் வாகனத்தில் ஏறினால் போதும். எந்த வாகனம் என்று கேட்டால் "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்ளுவம், நீர் வாரும்" என்பார்கள். அந்த நம்பிக்கையோடு அங்கே போய்க் கையெழுத்து வைக்காதீர்கள். ஒன்ராறியோவில் எந்த வண்டியில் டெஸ்ட் கொடுக்கிறீர்களோ அந்த வண்டிதான் உங்கள் லைசென்ஸ். கியரும் அப்படியே. ஏ வகுப்பு டெஸ்டை ஓட்டோமெட்டிக் வண்டியில் கொடுத்தால், மனுவல் ஏ வண்டி ஓட முடியாதபடி நிபந்தனை விழும். இப்போது நெடுந்தூரக் கம்பனிகளில் ஓட்டோமெட்டிக்தான் கூட, அதனால் பலருக்கு அது பிரச்சினையில்லை. கல், மண் இழுக்கிற சின்ன முதலாளிமாரிடம் போனால் பிரச்சினை. எதுவானாலும் காசு கட்டுமுன் தெரிந்து தெரிவு செய்யுங்கள்.

ஆகவே அலுவலகத்தில் இருந்து கதைக்காமல் "யார்டைக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். ட்ரக்கின் பின்புறம் ஐந்தாம் சில்லு என்கிற பெரிய வட்டத் தட்டு இருக்கிறதா, ட்ரக்கிலிருந்து ட்ரெயிலருக்குச் சிவப்பும் நீலமுமாக இரண்டு காற்றுக் குழாய் போகிறதா என்று பாருங்கள். சிவப்பு ட்ரெயிலருக்குக் காற்று கொடுப்பது, அது அறுந்தால் ட்ரெயிலர் பிரேக் தானே பிடிக்கும். நீலம் நீங்கள் மிதிக்கிற பிரேக்குக்கு. அந்த இரண்டு குழாயும் இல்லாத வண்டியைக் காட்டினால் பிளேன்ரீயைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள். இருந்தால், அதே வண்டியில்தான் டெஸ்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஃபெயில் விட்டால் அடுத்த டெஸ்டுக்கு வண்டி வாடகை யார் கொடுப்பது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பள்ளியின் பெயர் அரசின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் தேடலாம். பதிந்த பள்ளியென்றால், கையெழுத்திட்ட ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து இரண்டு நாளுக்குள் மனம் மாறினால் கட்டிய காசு முழுவதும் திரும்ப வரும். தமிழில் வாயால் சொன்ன வாக்குறுதிக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை, அதைச் சொன்னவர் உங்கள் ஊர்க் கோயில் உபயகாரராக இருந்தாலும்.

இன்னொன்று. ஓடாத மணித்தியாலத்துக்கு ஓடியதாகக் கையெழுத்து வைக்கச் சொல்கிற பள்ளிகளும் உண்டு. "எல்லாரும் வைக்கினம்" என்பார்கள். வைக்காதீர்கள். 2018 ஏப்ரலில் சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் ஐஸ் ஹொக்கி அணியின் பஸ்ஸும் ஒரு ட்ரக்கும் மோதி 16 பேர் செத்தார்கள். ட்ரக் ஓட்டியவர் எங்களைப் போல் அண்மையில் குடியேறியவர், வேலைக்குச் சேர்ந்து சில கிழமைதான். நிறுத்தல் பலகையைக் கவனிக்கவில்லை. 8 வருடச் சிறை, 2024இல் நாடுகடத்தல் உத்தரவு. மேற்கு மாகாணங்களில் பயிற்சி கட்டாயமானதே அந்த விபத்துக்குப் பிறகுதான். படிக்காமல் எடுத்த லைசென்ஸோடு பனிக்காலத்தில் வடக்கு ஒன்ராறியோவின் 17ஆம் நெடுஞ்சாலைக்குப் போனால் என்ன நடக்கும் என்று சொல்லிப் பயமுறுத்த விரும்பவில்லை. போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

டெஸ்டைப் பற்றிக் கொஞ்சம். முதலில் வண்டியைச் சுற்றிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில். பாகங்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், மனதுக்குள் தெரிந்தால் போதாது. வலதுபக்கம் திரும்பும்போது ட்ரக் வளைவைத் தாண்டியபிறகும் ட்ரெயிலரின் பின்சில்லு உள்ளே வெட்டிக்கொண்டுதான் வரும். அது நடைபாதை விளிம்பில் ஏறினால் கதை முடிந்தது. ஸ்டியரிங் இடதுபக்கம், வண்டி வலதுபக்கம் என்பது சில நாளில் கைக்கு வந்துவிடும். வராமல் நிற்பது எங்கள் ஹோர்னும் லைற்றும்தான். ஊரில் எதிரே லைற் அடித்தால் "நான் வாறன், நீ நில்" என்று அர்த்தம். அங்கே முந்திப்போன ட்ரக்குக்குப் பின்னாலிருப்பவன் லைற் அடித்தால் "இடமிருக்கு, உள்ளே வா" என்று அர்த்தம். தம்பி படிக்கிற காலத்தில் பக்கத்தில் முந்திக்கொண்டிருந்தவனை எச்சரிக்கிறேன் என்று லைற் அடிக்க, அவன் நன்றி சொல்லி உள்ளே வந்துவிட்டான். பயிற்றுநர் வாயில் வந்த பஞ்சாபி வார்த்தையை நான் இங்கே எழுதவில்லை.

எல்லோருக்கும் ஏஇசட் வேண்டும் என்றும் இல்லை. பிள்ளைகள் சின்னதாக இருக்கிறார்கள், இரவில் வீட்டில் நிற்க வேண்டும் என்றால் டிஇசட் (பெரிய ட்ரெயிலர் இழுக்காத லொறிக்கான லைசென்ஸ்) எடுங்கள். டிப்பர், குப்பை வண்டி, கடைகளுக்குச் சாமான் இறக்கும் பெட்டி லொறி எல்லாம் அதில் ஓடலாம். அந்த 103.5 மணித்தியாலமும் தேவையில்லை. ஊரில் டிப்பர் ஓடினவர்களுக்குக் கை அதில் சீக்கிரம் படியும். நெடுந்தூரம் போகிறவர்களுக்கு அமெரிக்க எல்லை முக்கியம். கனடாவில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் அமெரிக்க விசா தனியாக எடுக்க வேண்டும். 2025 ஜூன் 25 முதல், ஆங்கிலம் போதாத சாரதியை அமெரிக்காவில் றோட்டிலேயே நிறுத்தி வைக்கிறார்கள், கனடாவிலிருந்து போகிறவர்களையும் சேர்த்து. யூட்யூப் பார்க்கிற நேரத்தில் ஒரு மணித்தியாலத்தை ஆங்கிலத்துக்கு ஒதுக்குங்கள். அப்புறம், ட்ரக் ஓடும்போது ஒன்ராறியோவில் இரத்தத்தில் மது ஒரு துளிகூட இருக்கக் கூடாது. கார்க்காரருக்கு இருக்கிற சலுகை எங்களுக்கு இல்லை. முதல்நாள் இரவு கலியாண வீட்டுக் குடியும் அடுத்தநாள் காலையில் கணக்கில் வரும்.

கடைசியாக வேலை. புதுச் சாரதிக்குக் காப்புறுதி கிடைப்பது கஷ்டம் என்று சொல்லிச் சில முதலாளிமார் "நீர் உம்முடைய பெயரில் ஒரு கம்பனி பதிந்துகொண்டு வாரும், வரி பிடிக்காமல் முழுக்காசும் தாறன்" என்பார்கள். கையில் வருகிற காசு பெரிதாகத் தெரியும். ஆனால் விடுமுறைக் காசு இல்லை, வேலை போனால் காப்புறுதி இல்லை, முதுகு முறிந்தால் ஈட்டுத்தொகை இல்லை. வருட முடிவில் வரித் திணைக்களத்துக் கடிதம் மட்டும் உங்கள் பெயருக்கு வரும். தம்பிக்கும் அப்படி ஒரு வேலை வந்தது. இந்தமுறை ஒப்பந்தத்தை எனக்கு ஃபோனில் வாசித்துக் காட்டியபிறகுதான் பதில் சொன்னான். இப்போது மொன்றியலுக்கு ஓடுகிறான், மணித்தியாலக் கணக்கில், சம்பளச் சீட்டோடு.